நாடுகளின் ஆராய்ச்சிச் செலவை எப்படி ஒப்பிடுவது?

ஜிடிபியில், அதாவது நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில், எத்தனை சதவீதம் ஆராய்ச்சிக்குப் போகிறது என்பதை மட்டும் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். நான் நோட்டில் ஒரு பக்கத்தை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் 'பணம் யாருடையது', வலப்பக்கம் 'ஆராய்ச்சி எங்கே நடக்கிறது' என்று எழுதிக்கொள்வேன்.

2020-ஐ எடுத்துக்கொள்வோம். தென் கொரியா ஜிடிபியில் சுமார் 4.8 சதவீதம் செலவிட்டது. முக்கால் பங்கு கம்பெனிகளின் பணம். இந்தியாவில் 2020-21இல் 0.64 சதவீதம்தான், அதிலும் பெரும்பகுதி அரசுப் பணம். ஆண்டு மாறிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஜெர்மனியைக் கட்டாயம் சேருங்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. அடிப்படை அறிவியலுக்கு மாக்ஸ் பிளாங்க் என்ற ஆராய்ச்சி அமைப்பு. பெரும்பாலும் அரசே தாங்குகிறது. தொழில்துறைக்கான ஆய்வுக்கு ஃப்ரான்ஹோஃபர் என்ற இன்னோர் அமைப்பு. இதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நிலையான அரசு நிதி. மீதியைக் கம்பெனிகளின் ஒப்பந்தங்களிலும் போட்டியிட்டு வாங்கும் அரசுத் திட்டங்களிலும் சம்பாதிக்க வேண்டும்.