விர்ச்சுவல் மெஷின் திறக்கவில்லையா? பேட்டரியையும் பாருங்கள்

வேளச்சேரியில் நண்பர் ஒருவரின் டெஸ்க்டாப்பில், விர்ச்சுவல்பாக்ஸில் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல இயங்கும் விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் மென்பொருள்) இருந்த உபுண்டு என்ற இயங்குதளம் திடீரென்று திறக்கவில்லை. அந்த விர்ச்சுவல் மெஷினையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடப் போனார். தயவுசெய்து அந்த அவசரம் வேண்டாம், உள்ளே இருக்கும் வேலையெல்லாம் போய்விடும்.

முதலில் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், அதில் சி.பி.யு. பக்கத்தைப் பாருங்கள். விர்ச்சுவல் மெஷின் ஓடத் தேவையான விர்ச்சுவலைசேஷன் ‘டிசேபிள்டு’ என்றிருந்தால் பயாஸுக்குள் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) போய், சி.பி.யு. இன்டெல் என்றால் வி.டி.-எக்ஸ், ஏ.எம்.டி. என்றால் எஸ்.வி.எம். என்ற அமைப்பை இயக்குங்கள்.

சரி, அது தானாக எப்படி அணைந்தது? கம்ப்யூட்டர் கடிகாரமும் தப்பாக ஓடினால் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருக்கலாம். அப்படியானால், கரன்ட் போய் வந்ததும் பயாஸ் அமைப்புகள் மதர்போர்டு வந்தபோது இருந்தபடியே மாறிவிட வாய்ப்புண்டு. பெரும்பாலும் சி.ஆர். 2032 பேட்டரிதான், சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு மாற்றுங்கள். அப்புறம் பயாஸில் மறுபடி ஒருமுறை இயக்க வேண்டும்.