டவுன்டன் ஆபி பாத்துட்டு நாலு பேரா உக்காந்து பேசுறது எப்படி

டவுன்டன் ஆபி, நூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்துல ஒரு பிரபு குடும்பமும் அவங்க வேலைக்காரங்களும் வாழ்ற கதையை சொல்ற டிவி சீரியல். அதுல வர்ற அக்கா தங்கச்சி மேரி, ஈடித் ரெண்டு பேர்ல மேரியை திட்டுறவங்க ஒரு பக்கம், ஈடித்தை திட்டுறவங்க ஒரு பக்கம்னு பிரிஞ்சு உக்காந்தா டவுன்டன் ஆபி பேச்சு அரை மணி நேரத்துல முடிஞ்சிரும், அதுக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. எங்க வீட்ல முதல்ல அப்படித்தான் ஆச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு பேர் சேர்ந்து பாக்குறோம், ரிட்டயர்டு நர்ஸான எங்க பெரியம்மா, என் தங்கச்சி, ஆபீஸ் தோழிங்க ரெண்டு பேரு, நான். மூணாவது வாரமே மேரி ஈடித் பஞ்சாயத்து முத்திப்போய் ஒரு தோழி கோச்சுக்கிட்டு ரெண்டு வாரம் வரவே இல்ல. அப்புறம்தான் இதை எப்படி பேசுறதுன்னு கொஞ்சம் கொஞ்சமா கத்துக்கிட்டோம். இப்ப ஒரு எபிசோடு பாத்தா ரெண்டு மணி நேரம் பேசுறோம், யாரும் கோச்சுக்கிறதில்ல. அதைத்தான் இங்க எழுதுறேன். முழுக்கதையும் இதுல வரும், இன்னும் பாக்காதவங்க பாத்துட்டு வாங்க.

முதல்ல சட்டத்தை புரிஞ்சுக்கணும். போரடிக்கும்னு தாண்டிப் போயிடாதீங்க, மொத்த கதையும் அது மேலதான் நிக்குது. 1912 ஏப்ரல்ல டைட்டானிக் மூழ்குது, அதுல குடும்பத் தலைவரான பிரபு ராபர்ட்டோட வாரிசா இருந்த ரெண்டு பேரும் போயிடுறாங்க, மூணு பொண்ணு இருந்தும் ஆம்பளை வாரிசுக்குத்தான்ங்கற முறைப்படி பட்டமும் சொத்தும் மான்செஸ்டர்ல வக்கீலா இருக்கற மேத்யூங்கற தூரத்து சொந்தக்காரனுக்குப் போகுது. "அம்மா கோராவோட பணமாவது பொண்ணுக்கு வரக்கூடாதா"ன்னு எல்லாரும் கேக்குறாங்க. கோரா அமெரிக்காவுல இருந்து கொண்டு வந்த பணத்தை, ராபர்ட்டோட அப்பா கல்யாணத்தப்பவே எழுதி வாங்கி எஸ்டேட்டோட சேர்த்து கட்டிட்டாரு. அதனால மூத்த பொண்ணு மேரி கையில பத்து பைசா இல்ல, நல்ல இடத்துல கல்யாணம் ஆகறது ஒண்ணுதான் அவளுக்கு வழி. இதை மனசுல வச்சுக்கிட்டு முதல் சீசனை திரும்ப பாருங்க, மேரியோட திமிர் வேற மாதிரி தெரியும். மேத்யூவைப் பாக்குறப்பல்லாம் தன் வீட்டை எடுத்துக்க வந்தவனைத்தான் அவ பாக்குறா.

இதே மாதிரி ஒவ்வொரு சண்டைக்கும் பின்னாடி ஒரு சட்டம் இருக்கும். "ஈடித்தோட காதலன் கிரெக்சன் பேசாம டைவர்ஸ் பண்ணிட்டு அவளைக் கட்டியிருக்கலாமே, எதுக்கு ஜெர்மனிக்கு போய் செத்தான்"னு என் தங்கச்சி கேட்டா. அவனோட மனைவி மனநல மருத்துவமனையில இருக்காங்க, இங்கிலாந்துல மனநோயை காரணம் காட்டி விவாகரத்து வாங்க 1937 சட்டம் வந்த பிறகுதான் முடிஞ்சுது, கதை நடக்கறது 1922ல. அதனாலதான் ஜெர்மன் குடியுரிமை வாங்கி அங்க டைவர்ஸ் பண்றேன்னு போறான், ம்யூனிக்ல நாஜி ரவுடிங்க கையில மாட்டுறான். அந்த வீட்டு வேலைக்காரன் தாமஸ் ஏன் எப்பவும் விஷமா இருக்கான்னு கேட்டா, அவன் ஆம்பளைங்களை விரும்புறவன், அப்போ அதுக்கே ஜெயில், அந்த சட்டம் இங்கிலாந்துல மாறினது 1967ல. அவன் பண்ற கெட்டதெல்லாம் சரின்னு நான் சொல்ல வரல, வாழ்க்கை பூரா ஒரு ரகசியத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கறவன் அடுத்தவன் ரகசியத்தை ஆயுதமா எடுக்கறான்னு புரிஞ்சா போதும், பேச்சு அங்கேர்ந்து நல்லா போகும்.

எங்களை ரொம்ப உலுக்கினது மேரிகோல்டு விஷயம். ஈடித் கல்யாணமாகாம பெத்த தன் குழந்தை மேரிகோல்டை குடியானவர் ட்ரூ வீட்ல விடுறா, மிஸஸ் ட்ரூ அதை சொந்தப் பிள்ளையா வளர்க்குறாங்க, அப்புறம் ஒரு நாள் ஈடித் வந்து தூக்கிட்டுப் போயிடுறா. ஈடித்துக்காக எல்லாரும் அழுவாங்க, நானும்தான் அழுதேன். ஆனா அந்த வாசல்ல நிக்கிற மிஸஸ் ட்ரூவைப் பத்தி கண்டிப்பா பேசுங்க. இங்கிலாந்துல தத்தெடுக்கறதுக்குன்னு முதல் சட்டமே 1926லதான் வந்துச்சு, இது நடக்கறது 1924. அந்தம்மா கையில ஒரு பேப்பர் கிடையாது, கேக்க ஒரு கோர்ட் கிடையாது, எதிர்ல நிக்கிறது அவங்க குடியிருக்கற நிலத்துக்காரரோட பொண்ணு. இதைப் பேசுனப்போ எங்க வீட்ல கொஞ்ச நேரம் யாருமே வாய் திறக்கல.

அடுத்தது, யார் யாரை எப்படி கூப்பிடுறாங்கன்னு காது குடுத்து கேளுங்க. நமக்கு இது ரொம்ப சுலபம், நீயா நீங்களான்னு கேட்டே வளர்ந்தவங்க நாம. இங்கிலீஷ்ல அது ஒரே சொல்லுங்கறதால அந்த மரியாதை எல்லாம் பேர் மேல ஏறி உக்காந்திருக்கு. மாடியில இருக்கற எஜமானங்களுக்கு, வேலைக்காரங்களுக்கெல்லாம் தலைவரான பட்லர் வெறும் கார்சன், கீழ கிச்சன்ல அவரு மிஸ்டர் கார்சன். ஹியூஸும் பேட்மோரும் கதை தொடங்கறப்போ கல்யாணம் ஆகாதவங்க, ஆனா வீட்டை நடத்துறவங்க, சமையலுக்கு தலைமைங்கறதால ரெண்டு பேருக்கும் மிஸஸ்னு பட்டம். தாமஸ் பரிமாறுற ஃபுட்மேனா இருக்கறவரைக்கும் தாமஸ், பதவி ஏறினதும் குடும்பப் பேரைச் சொல்லி மேல பாரோ, கீழ மிஸ்டர் பாரோ. டிரைவர் பிரான்சன் கடைசிப் பொண்ணு சிபிலை கட்டிக்கிட்டு மாப்பிள்ளையா அதே வீட்டுக்குள்ள வரும்போது அவனை எப்படி கூப்பிடுறதுன்னு ஆளாளுக்கு திணறுறாங்க பாருங்க, கார்சன் வாயில அந்தப் பேர் வர்றதுக்குள்ள அவர் படுற பாட்டுல ஒரு காலமே மாறுறது தெரியும். ராபர்ட்டோட அம்மா வயலட் பாட்டி வீக்கெண்ட்னா என்னன்னு கேக்குற இடம் எல்லாரும் சிரிக்கற இடம்தான், சிரிச்சுட்டு ஒரு நிமிஷம் யோசிங்க, வேலைக்கே போகாதவங்களுக்கு வாரக் கடைசின்னு ஒண்ணு எங்கேர்ந்து வரும்.

இப்ப முக்கியமான விஷயம். ஆளைப் பத்தி பேசாதீங்க, சீனைப் பத்தி பேசுங்க. கோராவோட வேலைக்காரி ஓ'பிரையன் நல்லவளா கெட்டவளான்னு ஆரம்பிச்சா ஒரு வார்த்தையில முடிஞ்சிடும். அதுக்கு பதிலா முதல் சீசன் கடைசி எபிசோடுல அந்த சோப்பு வர்ற ரெண்டு நிமிஷத்தை மட்டும் போட்டுப் பாருங்க. கோரா கர்ப்பமா இருக்காங்க, குளிச்சிட்டு இருக்காங்க, சோப்பு ரெண்டா உடைஞ்சு ஒரு பாதி கீழ கிடக்கு. ஓ'பிரையன் அதை கால் படுற இடத்துல தள்ளி வச்சிட்டு பக்கத்து ரூமுக்கு வர்றா, கண்ணாடியில தன் மூஞ்சியைப் பாக்குறா, நீ இப்படிப்பட்டவ இல்லன்னு தன்னைத்தானே சொல்லிக்கிறா, திரும்பி ஓடி சொல்லலாம்னு வாயெடுக்கறதுக்குள்ள விழுற சத்தம் கேட்டுடுது. போனது ஆம்பளைப் பிள்ளை, பிறந்திருந்தா வாரிசு.

இந்த மாதிரி ஒரு சீனை எடுத்துக்கிட்டு நாங்க மூணு விஷயம் கேக்குறோம், அந்த நேரத்துல அவங்களுக்கு என்ன தெரியும், அவங்க முன்னாடி வேற என்ன வழி இருந்துச்சு, அந்த வழியில போயிருந்தா என்ன இழந்திருப்பாங்க. ஓ'பிரையனுக்கு தெரிஞ்சது, கோரா புது வேலைக்காரிக்கு விளம்பரம் குடுக்கறாங்கன்னு காதுல விழுந்த பாதிப் பேச்சு. உண்மையில அது வயலட் பாட்டிக்கு ஆள் தேடுறது. வேற வழின்னா, நேரா போய் கேட்டிருக்கலாம், ஆனா எஜமானியம்மாகிட்ட வேலைக்காரி அப்படி கேட்டுட முடியுமா, நல்ல நடத்தைன்னு ஒரு லெட்டர் எழுதித் தராம வெளிய அனுப்பிட்டா அந்த வயசுல இன்னொரு வீட்ல சேர முடியுமா. இதெல்லாம் பேசின பிறகும் எங்க பெரியம்மா "பயம் எல்லாருக்கும்தான் இருக்கும், எல்லாரும் சோப்பை தள்ளி வைக்கிறாங்களா"ன்னு கேட்டாங்க. அதுவும் சரிதான். தீர்ப்பு மாறணும்னு இல்ல, எல்லாத்தையும் பாத்துட்டு குடுக்கற தீர்ப்பா இருக்கணும், அவ்ளோதான்.

ஒரு நோட்டு போடுங்க. எந்த வருஷம், யாருக்கு என்ன ரகசியம் எப்ப தெரிஞ்சுது, இது ரெண்டும் எழுதினா போதும். முதல் சீசன் 1912ல ஆரம்பிச்சு 1914 ஆகஸ்ட்ல தோட்ட விருந்து நடுவுல போர் அறிவிப்போட முடியும், ரெண்டாவது 1916ல போர்க்களத்துல தொடங்கும், மூணாவது 1920, நாலாவது 1922, அஞ்சாவது 1924, ஆறாவது 1925. ரகசியத்துக்கு பமூக் விஷயத்தை எழுதிப் பாருங்க. விருந்தாளியா வந்த பமூக்ங்கற துருக்கிக்காரன் மேரி ரூம்ல செத்துப் போறான், மேரி, வேலைக்காரி அன்னா, கோரா மூணு பேரும் ராத்திரியில உடம்பை தூக்கிட்டுப் போறாங்க, அதை கிச்சன்ல வேலை செய்ற டெய்ஸி பாத்துடுறா, டெய்ஸி வாயிலருந்து ஈடித்துக்கு வருது, ஈடித் துருக்கி தூதருக்கு லெட்டர் போடுறா, மேரி அதுக்கு பதிலா ஸ்ட்ராலன் ஈடித்தை பொண்ணு கேக்கப் போற நேரத்துல அவன் மனசை கலைச்சு விட்டுடுறா. இப்படி எழுதினப்புறம்தான் எங்க வீட்டு மேரி ஈடித் சண்டையே அடங்குச்சு, யாரு முதல்ல ஆரம்பிச்சாங்கன்னு நோட்டுலயே இருக்கே. கோச்சுக்கிட்டுப் போன தோழிதான் இப்ப அந்த நோட்டை வச்சிருக்கா.

நோட்டு இருந்தா சின்ன சின்ன முடிச்செல்லாம் கண்ணுல படும். ராபர்ட் கோராவோட பணத்தை கனடாவுல கிராண்ட் ட்ரங்க் ரயில்வேல போட்டு தொலைக்கிறாரு இல்லையா, அது நிஜமாவே இருந்த கம்பெனி, அதோட தலைவர் சார்லஸ் ஹேஸ் நிஜமாவே டைட்டானிக்ல செத்தவரு. ஒரே கப்பல் இந்தக் குடும்பத்தோட வாரிசையும் எடுத்துச்சு, பணத்தையும் எடுத்துச்சுன்னு தெரிஞ்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

கதைக்குள்ள இருக்கற காரணத்தையும் வெளிய இருக்கற காரணத்தையும் கலக்காதீங்க. மேரியைக் கட்டிக்கிட்ட மேத்யூ ஏன் செத்தான்னா, நடிச்ச டான் ஸ்டீவன்ஸ் மூணு சீசனுக்கு மேல காண்ட்ராக்ட் போடல, அதனால 2012 கிறிஸ்துமஸ் எபிசோடுல குழந்தையைப் பாத்துட்டு வர்ற வழியில கார் கவிழ்ந்துடுச்சு. இது தெரிஞ்சுக்க வேண்டியதுதான், ஆனா அதையே சொல்லிட்டு இருந்தா மேரி அடுத்த சீசன்ல உக்காந்திருக்கற அந்த இருட்டைப் பத்தி பேச முடியாமப் போயிடும். முதல்ல கதையைப் பேசுங்க, எழுத்தாளர் மேல இருக்கற கோவத்தை கடைசியில வச்சுக்கலாம். எனக்கும் கோவம் உண்டு, பேட்ஸ், அவன் பொண்டாட்டி அன்னா ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி கொலை கேஸ்ல மாட்டி விட்டதை இன்னிக்கும் என்னால ஏத்துக்க முடியல.

நாலாவது சீசன்ல அன்னாவுக்கு நடக்கற பாலியல் கொடுமை வர்ற எபிசோடுக்கு முன்னாடியே கூட இருக்கறவங்ககிட்ட சொல்லிடுங்க, பாக்க விருப்பமில்லாதவங்க எழுந்து போகட்டும், ஏன்னு கேக்காதீங்க. அதைப் பேசும்போது அன்னா ஏன் மறைச்சான்னு மட்டும் ஈஸியா கேட்டுடாதீங்க. அவ புருஷனுக்கு ஏற்கனவே ஒரு தடவை தூக்கு தண்டனை வரைக்கும் போய் ஆயுளா குறைஞ்சிருக்கு, சொன்னா அவன் அந்த ஆளை கொன்னுடுவான், அடுத்த தடவை நிஜமாவே தூக்குல போடுவாங்கன்னு அவளுக்கு பயம்.

முதல் தடவை கூடிப் பேசப் போறவங்களுக்கு நான் சொல்றது மூணாவது சீசன்ல சிபில் எபிசோடு. பிரசவத்துக்கு லண்டன்லருந்து பெரிய டாக்டர் டாப்செல் வந்திருக்காரு, ஊர் டாக்டர் கிளார்க்சன் சிபில் கால் வீங்கியிருக்கு, யூரின்ல ஆல்புமின் இருக்கு, உடனே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போய் ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்னு கெஞ்சுறாரு, ராபர்ட் பெரிய டாக்டர் பேச்சைக் கேக்குறாரு. நாங்க பாத்தப்போ பெரியம்மா சேர்ல நுனிக்கு வந்துட்டாங்க, "பிரசவ ஜன்னிடி, கொண்டு போங்கடா"ன்னு டிவியைப் பாத்து கத்துறாங்க, எத்தனை வார்டு பாத்தவங்க. குழந்தை பிறந்து எல்லாரும் தூங்கப் போனதுக்கு அப்புறம் ராத்திரி சிபிலுக்கு வலிப்பு வருது, மாப்பிள்ளை, அம்மா, அப்பா, ரெண்டு டாக்டர் எல்லாரும் சுத்தி நிக்கறப்பவே உயிர் போயிடுது.

கோரா புருஷனோட ஒரே ரூம்ல இருக்க மாட்டேங்குறாங்க. வயலட் பாட்டி கிளார்க்சனைக் கூப்பிட்டு, ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் பிழைக்கிறதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்ப கம்மின்னு அவங்ககிட்ட சொல்லச் சொல்றாங்க. அவரும் சொல்றாரு, புருஷனும் பொண்டாட்டியும் கட்டிப் பிடிச்சு அழறாங்க. கிளார்க்சன் சொன்னது பொய்யா நிஜமா, இதை நடுவுல போட்டுட்டு எல்லாரையும் பேச விடுங்க. அப்ப ஆன்டிபயாடிக் கிடையாது, பென்சிலின் கண்டுபிடிச்சதே 1928லதான், வயித்தைக் கிழிச்சு குழந்தை எடுக்கறதே உயிர் போற வேலை, அந்த வகையில அவர் சொன்னது நிஜமா இருக்கலாம்னு என் தங்கச்சி சொல்றா. கெஞ்சும்போது அந்த டாக்டர் மூஞ்சியில இருந்த உறுதி சொல்லும்போது இல்லையே, அது பொய்தான்னு நான் சொல்றேன். பெரியம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல, டம்ளர் எல்லாம் எடுத்துக்கிட்டு கிச்சனுக்குப் போறப்போ, "நானும் அப்படி சொல்லியிருக்கேன், ரெண்டு தடவை"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க.