எர்லாங் ஓடிபி படிப்புக் குழுவைத் திட்டமிடுவோருக்கு

எரிக்சன் நிறுவனத்தில் உருவாகி 1998இல் திறமூலமாக வெளியான எர்லாங் ஓடிபியை, அதாவது எர்லாங் நிரல்மொழியையும் அதன் நூலகத் தொகுப்பையும், குழுவாகப் படிக்கத் திட்டமிடுவோர், எடுத்த எடுப்பிலேயே சர்வர் எழுதுவதற்கான ஆயத்த அச்சான ஜென்சர்வருக்குள் நுழையாமல், புராசஸை (தனித்து ஓடும் சிறு நிரலோட்டத்தை) தொடங்கும் ஸ்பான், செய்தியைப் பெறும் ரிசீவ் ஆகிய இரண்டை மட்டும் கொண்டு ஒரு சிறிய சர்வரைத் தாங்களே எழுதிப் பார்ப்பதற்கு முதல் அமர்வை ஒதுக்குவது நல்லது. ஜென்சர்வர் எந்தெந்த வேலைகளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

மற்ற புராசஸ்களைக் கண்காணித்து, நின்றுபோனவற்றை மீண்டும் தொடங்கும் சூப்பர்வைசருக்கு இரண்டு அமர்வுகளாவது தேவை. ஓடும் புராசஸ்களைக் காட்டும் அப்சர்வர் கருவியைத் திறந்து, சூப்பர்வைசரின் கீழுள்ள ஒரு புராசஸை எல்லோரும் பார்க்கக் கொல்லுங்கள். அது புதிய அடையாள எண்ணுடன் உடனே எழுந்துவிடும். 5 விநாடிகளுக்குள் மறுபடியும் கொன்றால், இயல்பு அமைப்பில் அந்த இடைவெளிக்குள் ஒரு மறுதொடக்கத்தை மட்டுமே அனுமதிக்கும் சூப்பர்வைசர் தானும் நின்றுவிடும். விவாதம் சூடுபிடிப்பது பெரும்பாலும் இங்கேதான் என்பதால், இந்த வரம்பை ஒவ்வொருவரும் மாற்றிப் பார்க்க நேரம் விடுங்கள். ஓடும் நிரலை நிறுத்தாமல் மாற்றும் வசதி கவர்ச்சியானதுதான். ஆனால் அது கடைசி அமர்வுவரை காத்திருக்கலாம்.