ஊசியை நிறுத்திய பிறகு: என் அனுபவம்

திருமணமாகி இரண்டு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லாததால், பினாங்கில் என் மனைவிக்கு மட்டுமே பரிசோதனைக்குமேல் பரிசோதனை நடந்தது; என்னை யாரும் பரிசோதிக்கவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தமே. பட்டர்வொர்த்தில் ஒரு மருத்துவர் கேட்டுக்கொண்ட பிறகே என் விந்தைப் பரிசோதித்தோம். ஒரு மில்லிலிட்டரில் 1 மில்லியன் விந்தணுக்கள்கூட இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு கூறும் கீழ்வரம்போ 16 மில்லியன்.

தசை வளர்ச்சிக்காக உடற்பயிற்சிக் கூட நண்பர்களோடு நான் போட்டுக்கொண்ட டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் ஊசியே காரணம். அந்த ஹார்மோன் வெளியிலிருந்து வரும்போது, மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, விரைகளைத் தூண்டும் எல்.எச்., எப்.எஸ்.எச். ஹார்மோன்களைக் குறைத்துவிடுகிறது, அதனால் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மிகுந்திருந்தாலும் விரைக்குள் அது வற்றி, விந்தணு உற்பத்தி முடங்குகிறது. ஆண்மைக்கென்று விற்கப்படுவதே தந்தையாவதைத் தடுக்கும் என்பதை இளைஞர்களிடம் யாராவது முன்பே சொல்ல வேண்டும்.

மருத்துவரின் கண்காணிப்பில் ஊசியை நிறுத்தினேன். விந்தணு உருவாகச் சுமார் 74 நாட்கள் ஆகும் என்பதால், மூன்று மாதத்திற்கு ஒருமுறை, 2 முதல் 7 நாட்கள் விந்து வெளியேற்றாமல் இருந்து மாதிரி கொடுத்தேன். முதல் அறிக்கையில் மாற்றமே இல்லை. உடற்சோர்வும் மனச்சோர்வும் வாட்டிய அந்த நாட்களில் மீண்டும் ஊசிக்குத் திரும்பாமல் காத்தவள் என் மனைவி. ஒன்பதாம் மாத அறிக்கையில் 19 மில்லியன் என்றிருந்தது.