இளையோர் ஆட்டத்தைப் பார்ப்பது எப்படி: இங்கிலாந்து கால்பந்து அகாடமி வீரர்களை மதிப்பிட விரும்புவோருக்கு

2011 மே மாதம் ஓல்டு டிராஃபோர்டில் நடந்த எஃப்.ஏ. இளையோர் கோப்பை இறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், மான்செஸ்டர் யுனைடெட் இளையோர் அணி 4-1 என்று வென்றது. அன்று இரண்டு கோல் அடித்த ராவெல் மாரிசன், பந்து காலுக்கு வந்தபோதெல்லாம் மற்றவர்களைவிட ஒரு கணம் கூடுதலாகக் கிடைத்தவர் போல ஆடினார். அவருடன் ஆடியவர்களில் பால் போக்பாவும் ஜெஸ்ஸி லிங்கார்டும் உண்டு. தோற்ற ஷெஃபீல்டு யுனைடெட்டின் தற்காப்பில் ஹாரி மக்வயர் இருந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து அதே மான்செஸ்டர் யுனைடெட், மக்வயரை 8 கோடி பவுண்டு கொடுத்து வாங்கியது; ஒரு தற்காப்பு வீரருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. மாரிசனோ 2012 ஜனவரியிலேயே அந்தக் கிளப்பை விட்டுச் சென்று, பின்னர் பல நாடுகளில் கிளப் மாறி மாறி ஆடினார்.

அன்று மாரிசனைப் புகழ்ந்தவர்களின் கண் பழுதானதன்று. அந்த மாலையில் யார் சிறப்பாக ஆடினார் என்பதற்கு அவர்கள் சொன்ன விடை சரியே. ஆனால் இளையோர் ஆட்டத்தைப் பார்க்கப் போகிறவர் கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு கேள்வி: இந்தப் பையனுக்கு இன்று உதவுபவற்றுள், நாலைந்து ஆண்டுகளில் எல்லாரும் அவனைப் போலவே வளர்ந்து வலுத்து நிற்கும்போது, எது அவனிடம் மிஞ்சும்? இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

எந்த ஆட்டத்தைப் பார்ப்பது

இங்கிலாந்தில் 2012இல் நடைமுறைக்கு வந்த உயர்திறன் வீரர் திட்டத்தின்கீழ் அகாடமிகள், அதாவது கிளப்புகளின் இளையோர் பயிற்சிப் பள்ளிகள், நான்கு தரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் தர அகாடமிகளுக்கு, வடக்கு, தெற்கு என்று பிரிந்து நடக்கும் 18 வயதுக்குட்பட்டோர் பிரீமியர் லீக்கும், அதற்கு மேல் 21 வயதுக்குட்பட்டோருக்கான பிரீமியர் லீக் 2உம் உண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை முற்பகலில் கிளப்பின் பயிற்சி மைதானத்தில் நடக்கும். எல்லாக் கிளப்புகளும் பொதுமக்களை உள்ளே விடுவதில்லை என்பதால், புறப்படும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. இளையோர் கோப்பையின் முக்கியச் சுற்றுகள் பல நேரங்களில் கிளப்பின் பெரிய அரங்கிலேயே நடப்பதால், முதன்முறை பார்க்கப் போகிறவருக்கு அதுவே எளிய வாயில். நுழைவுக் கட்டணமும் மூத்தோர் ஆட்டத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

பதினாறு வயதுக்கும் கீழுள்ள பிள்ளைகளின் ஆட்டங்களை விட்டுவிடுங்கள். அவை வெளியாருக்குப் பொதுவாகத் திறந்திருப்பதில்லை. திறந்திருந்தாலும், பன்னிரண்டு வயதுச் சிறுவனைப் பற்றி நீங்களும் நானும் செய்யும் கணிப்புக்குப் பெரிதாக மதிப்பில்லை.

போகும் முன் பிறந்த தேதியைப் பாருங்கள்

இளையோர் கால்பந்தில் ஸ்கோர் பலகையைவிட அதிகம் சொல்லக்கூடிய தகவல் பிறந்த தேதிதான். இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டம்பர் 1 அன்று தொடங்குகிறது. ஆகவே செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே அணியில், ஒரே வயதினராக ஆடுவார்கள். இருவருக்கும் இடையே ஏறக்குறைய ஓர் ஆண்டு வேறுபாடு இருக்கும். பத்து வயதில் ஓர் ஆண்டு என்பது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. அகாடமிகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பிறந்தவர்கள் அளவுக்கு மீறி நிறைந்திருப்பதும், கோடையில் பிறந்தவர்கள் அருகியிருப்பதும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. ஐரோப்பாவின் பிற நாடுகள் பலவற்றில் ஜனவரி 1 எல்லைக்கோடாக இருப்பதால், அங்கே முன்னிலை பெறுவோர் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள்.

ஹாரி கேன் பிறந்தது 1993 ஜூலை 28. அதாவது, தன் வயதுப் பிரிவின் கடைக்கோடியில் நின்ற பிள்ளை. எட்டு வயதில் ஆர்சனல் அகாடமியில் ஒரு பருவம் இருந்தபின் விடுவிக்கப்பட்டார். 2004இல் டாட்டன்ஹாமில் சேர்ந்தார். 2023இல் டாட்டன்ஹாம், இங்கிலாந்து ஆகிய இரு அணிகளுக்கும் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர் ஆனார். இதனால் ஜூலையில் பிறந்த எல்லாரும் கேன் ஆகிவிடுவார்கள் என்று பொருளில்லை. இரண்டு பையன்கள் சமமாக ஆடுவதாகத் தோன்றினால், இளையவன் உண்மையில் ஒரு படி மேலே இருக்கிறான் என்று கொள்ளலாம், அவ்வளவே.

தேதியோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பதினாறு வயதில் ஸ்காலர்ஷிப் (இரண்டு ஆண்டு முழுநேரப் பயிற்சி ஒப்பந்தம்) பெற்று அணிக்கு வந்தவர்களில், இது முதலாம் ஆண்டுக்காரருக்கு எத்தனையாவது மாதம், யார் இரண்டாம் ஆண்டுக்காரர், யார் இன்னும் பள்ளி மாணவனாகவே மேல் பிரிவில் ஆடுகிறார் என்பது தெரிந்தால் ஆட்டம் வேறு விதமாகத் தெரியும். பதினைந்து வயதுக்காரன் ஒருவன் பதினெட்டு வயதினரிடையே தட்டுத்தடுமாறி ஆடினால், பயிற்சியாளர்கள் அவனை எதற்காக அங்கே நிறுத்தினார்கள் என்று முதலில் யோசியுங்கள். குறை சொல்வது பிறகு இருக்கட்டும்.

பந்திலிருந்து கண்ணை எடுப்பது

இதுதான் மிகக் கடினமான பகுதி. தொலைக்காட்சி நமக்குப் பந்தைத் துரத்தவே கற்றுக்கொடுத்திருக்கிறது. மைதானத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. நடுக்கோட்டுக்கு அருகே, முடிந்தால் சற்று உயரமான இடத்தில் நில்லுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு நடுவே நிற்க வேண்டாம்; தம் பிள்ளையைப் பற்றி அவர்கள் வெளியிடும் பெருமூச்சுகூட உங்கள் மதிப்பீட்டைச் சாய்த்துவிடும். பதினொருவரையும் மதிப்பிட முயலாமல், இரண்டு அல்லது மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரையும் தொடர்ந்து பதினைந்து நிமிடம், பந்து எங்கே இருந்தாலும், பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் சலிப்பாக இருக்கும். அதன்பின் அந்த வீரனின் ஆட்டம் பிடிபடத் தொடங்கும்.

முதலில் தலையைப் பாருங்கள். பந்து தன்னை நோக்கி வருமுன், அவன் எத்தனை முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறான்? நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இந்தப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். அடிக்கடி சுற்றிலும் பார்க்கும் நடுகள வீரர்கள் பந்தைப் பெற்றபின் முன்னோக்கிய பாஸ்களை வெற்றிகரமாகத் தருவதை அவருடைய பணி காட்டியது. இதற்கு உயரமோ தசைவலுவோ தேவையில்லை. ஆகவே வயது கூடும்போது தேய்ந்துபோகாத சொத்து இது. பந்து வந்தபின் தலையை நிமிர்த்துகிறவன், எவ்வளவு அழகாகப் பந்தை நிறுத்தினாலும், பெரியவர்களோடு ஆடும்போது அந்த அரை விநாடியைக் கேட்டுக்கொண்டே இருப்பான். அங்கே அதை யாரும் கொடுக்க மாட்டார்கள்.

அடுத்து, முதல் தொடுதல். பந்து காலில் ஒட்டிக்கொள்கிறதா என்பதைவிட, அது எந்தப் பக்கம் போகிறது என்று கவனியுங்கள். நெருக்கும் எதிராளியிடமிருந்து விலகி, அடுத்த செயலுக்கு வசதியான பக்கம் பந்தைத் தள்ளுகிறவன் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டான் என்று பொருள். வலுக்குறைந்த காலைப் பற்றி எளிய சோதனை ஒன்று உண்டு: நேரம் தாராளமாக இருக்கும்போது அல்ல, இருவர் நெருக்கும்போது அந்தக் காலைப் பயன்படுத்துகிறானா, அல்லது உடம்பையே சுழற்றிக்கொண்டு பழகிய காலுக்குப் பந்தைக் கொண்டுவருகிறானா?

மூன்றாவது, பந்தை இழந்த மறுகணம். தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பவன், நடுவரைப் பார்ப்பவன், உடனே திரும்பி ஓடுபவன், ஓடுவதுபோல் பாவனை செய்பவன் என்று நால்வகையினரை ஒரே ஆட்டத்தில் காணலாம். ஒருமுறை நடந்ததை வைத்து முடிவு கட்டாதீர்கள். எழுபதாவது நிமிடத்தில், 3-0 எனத் தோற்றுக்கொண்டிருக்கும்போதும் அதையே செய்கிறானா என்று பாருங்கள். மழை பெய்யும் வெளியூர் ஆட்டம் ஒன்று, வெயிலில் நடக்கும் உள்ளூர் வெற்றிகள் மூன்றுக்கு ஈடு என்பது என் கணக்கு.

இடத்துக்கு ஏற்ற கண்

மையத் தற்காப்பு வீரர்களை மதிப்பிடுவதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். தரையில் சறுக்கிப் பந்தைப் பறிப்பவன் கைத்தட்டல் வாங்குகிறான். ஆனால் பல நேரம் அவன் சரியான இடத்தில் இல்லாததாலேயே சறுக்க நேர்ந்தது. இரண்டு அடி முன்னதாக நகர்ந்து நின்று, எதிரணி அந்தப் பக்கம் பாஸ் கொடுக்கவே யோசிக்கும்படி செய்தவன் யார் கண்ணிலும் படுவதில்லை. பக்கவாட்டில் தாக்கி ஆடும் விங்கர்களிடம் இதற்கு நேர்மாறான ஆபத்து: பதினாறு வயதில் வெறும் வேகத்தாலேயே எல்லாரையும் கடந்துபோகிறவனுக்கு வேறு எதையும் கற்கும் தேவை வருவதில்லை. அவனைத் தன்னளவு வேகமுள்ள ஒருவன் மடக்கும் ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். முன்கள வீரர்களின் கோல் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளலாம், நம்ப வேண்டாம். பந்து வராத ஓட்டங்களை எண்ணுங்கள். கோல்கீப்பர்கள் மற்றவர்களைவிடத் தாமதமாகவே முதிர்வதால், பதினேழு வயதில் அவர்களைப் பற்றி அதிகம் சொல்லாமல் இருப்பதே நலம்.

இன்று ஆடும் இடமே நாளையும் அவர்களுடைய இடமாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். லிவர்பூல் அகாடமியில் நடுகளத்தில் வளர்ந்த டிரெண்ட் அலெக்சாண்டர்-ஆர்னல்டு முதல் அணியில் வலப்புறத் தற்காப்பு வீரராகப் பெயர் பெற்றார். சௌத்தாம்ப்டனில் இடப்புறத் தற்காப்பு வீரராக ஆடிய காரெத் பேல் பின்னர் உலகின் முன்னணி விங்கர்களில் ஒருவரானார். அவருடைய வேகமும் இடதுகால் உதையும் அந்தப் பழைய இடத்திலேயே தெரிந்தவைதான்.

உடம்பு பொய் சொல்லும் வயது

ஆண்பிள்ளைகளின் வளர்ச்சி வேகம் சராசரியாகப் பதினான்கு வயதையொட்டி உச்சத்தை எட்டுகிறது. ஆனால் ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையே பல ஆண்டு வேறுபாடு இருக்கலாம். கை கால்கள் திடீரென நீளும் மாதங்களில், நேற்றுவரை எளிதாகச் செய்ததை இன்று செய்ய முடியாமல் பையன் தடுமாறுவான். அதைத் திறமை குன்றியதாக எழுதிவிடும் பார்வையாளர்கள் உண்டு. இதைச் சமாளிக்கவே பிரீமியர் லீக் அகாடமிகள் சில போட்டிகளில் பிறந்த ஆண்டை விட்டுவிட்டு, உடல் முதிர்ச்சியின்படி பிள்ளைகளைப் பிரித்து ஆடவைத்துப் பார்க்கின்றன. சீக்கிரம் வளர்ந்தவனுக்கு அங்கே தன் தோள்வலு உதவாது. தாமதமாக வளர்பவனுக்குத் தன் திறனைக் காட்ட இடம் கிடைக்கிறது.

உருவம் சிறிது என்று பிரெஞ்சுக் கிளப்புகள் பலவும் ஒதுக்கிய அந்துவான் கிரீஸ்மான் ஸ்பெயினின் ரியல் சொசியெடாடில் வளர்ந்து, 2018இல் பிரான்சுக்காக உலகக் கோப்பையை வென்றார். ஆனால் இத்தகைய கதைகளை வைத்துக்கொண்டு சிறிய உருவமுள்ள ஒவ்வொருவனையும் மறைந்திருக்கும் மேதையாகப் பார்ப்பதும் இன்னொரு சோம்பல்தான். பெற்றோரின் உயரத்தைக் கண்ணால் அளந்துபார்ப்பது, கிளப்புகளுக்காகத் திறமை தேடித் திரியும் ஸ்கவுட்டுகளின் பழைய வழக்கம். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் அதில் பயன் உண்டு.

பெரியவர்களுக்கு எதிரே

ஒத்த வயதினரோடு ஆடும் ஆட்டம் எதுவும் முழுச் சோதனை ஆகாது. 2016 முதல் இ.எஃப்.எல். டிராஃபி என்ற கோப்பைப் போட்டியில் முதல் தர அகாடமிகளின் 21 வயதுக்குட்பட்டோர் அணிகள் அழைக்கப்பட்டு, மூன்றாம், நான்காம் நிலை லீக் கிளப்புகளின் மூத்தோர் அணிகளோடு மோதுகின்றன. சிறிய கிளப்புகளின் ரசிகர்கள் பலர் இந்த ஏற்பாட்டை வெறுக்கிறார்கள், அவர்களுடைய சினத்தில் நியாயமும் இருக்கிறது. ஆனால் மதிப்பிட வருபவருக்கு இதைவிடப் பயனுள்ள ஆட்டம் கிடையாது. முப்பது வயதுத் தற்காப்பு வீரர் ஒருவர் முழங்கையை விலாவில் வைத்து நிற்கும்போது, பதினெட்டு வயது முன்கள வீரன் பந்தைக் காத்து வைத்துக்கொள்ள என்ன உபாயம் கண்டுபிடிக்கிறான்? முதல் இருபது நிமிடத்தில் தோற்றுப்போய், இரண்டாம் பாதியில் வேறு வழியை முயல்பவனைக் கண்டால், அவன் பெயருக்குக் கீழே கோடு போட்டு வையுங்கள். கேனும் லெய்ட்டன் ஓரியன்ட், மில்வால், நார்விச், லெஸ்டர் என்று நான்கு கிளப்புகளுக்குக் கடனாக, அதாவது தற்காலிகமாக, சென்று திரும்பிய பிறகே டாட்டன்ஹாமில் நிலைபெற்றார்.

குறிப்பு எழுதுவது

ஆட்டம் முடிந்தபின் நினைவிலிருந்து எழுதினால் கோல்களே மிஞ்சும். ஆட்டத்தின்போதே, நிமிடத்தோடு, நடந்ததை வினைச்சொற்களால் எழுதுங்கள். "தொழில்நுட்பம் நன்று" என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. "23ஆம் நிமிடம்: முதுகுப் பக்கம் ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு, இடது காலால் ஒரே தொடுதலில் வெளிப்பக்கம் திருப்பிவிட்டான்" என்று எழுதினால், ஆறு மாதம் கழித்தும் அந்தக் காட்சி கண்முன் வரும். இவன் அடுத்த இன்னார் என்ற ஒப்பீட்டை எழுதவே எழுதாதீர்கள். எழுதிய மறுகணமே, அந்தப் பெரிய வீரரோடு ஒத்துப்போவதை மட்டுமே உங்கள் கண் பொறுக்கியெடுக்கத் தொடங்கிவிடும். பயிற்சியாளர் அவனிடம் என்ன செய்யச் சொல்லியிருந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். கோலடிக்கும் வீரனை வேண்டுமென்றே தற்காப்பில் நிறுத்திப் பயிற்றுவிக்கும் நாட்கள் அகாடமிகளில் உண்டு.

ஒருவனைப் பற்றிய கருத்தைக் குறைந்தது மூன்று ஆட்டங்கள் பார்த்தபின் எழுதுங்கள்: சொந்த மைதானத்தில் ஒன்று, வெளியூரில் ஒன்று, அவன் அணி தோற்றது ஒன்று. குறிப்பேடு உங்களுடையதாகவே இருக்கட்டும். இவர்களில் பலர் சட்டப்படி இன்னும் குழந்தைகள். அனுமதியின்றிப் படம் எடுப்பதும், பெயர் சொல்லி இணையத்தில் இகழ்வதும், கோட்டருகே நின்று கத்துவதும் கூடாது. பையன்கள் தங்களைப் பற்றி எழுதப்படுவதைத் தேடிப் படிப்பவர்கள்.

ஒவ்வொரு குறிப்பின் அடியிலும், அவன் எங்கே போய்ச் சேருவான் என்ற உங்கள் கணிப்பை ஒரே வரியில், தேதியோடு எழுதி வையுங்கள்: முதல் அணி, இரண்டாம் நிலை லீக், அதற்குக் கீழே, அல்லது கால்பந்துக்கு வெளியே. இரண்டு ஆண்டுகள் கழித்து அதைத் திறந்து பாருங்கள். நான் அப்படித் திறந்த முதல் குறிப்பேட்டில், வேகமானவர்கள் எல்லாருக்கும் ஒரு படி கூடுதலாகக் கொடுத்திருந்தேன். அதிலிருந்து, ஒரு வீரனின் வேகத்தைப் பற்றி இரண்டாம் பாதி தொடங்கும்வரை எதுவும் எழுதுவதில்லை.