மென்பொருளோடு வரும் பிளகின்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கும் ஓர் இளைஞர், அண்மையில் தம் பாட்டின் ப்ராஜெக்ட் கோப்பை எனக்கு அனுப்பி, குரல் ஏன் மங்கலாகக் கேட்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டிருந்தார். குரல் டிராக்கில் மட்டும், ஒலியை மாற்றும் சிறு துணை நிரல்களான பிளகின்கள் ஒன்பது அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றுகூட அவருடைய பதிவு மென்பொருளோடு வந்ததன்று. அவற்றில் ஏழு என் கணினியில் திறக்கவே இல்லை. அந்த ஏழும் இல்லாமல் ஒலித்த குரல், அவர் அனுப்பியிருந்த மிக்ஸில் (எல்லா டிராக்குகளையும் கலந்த முழுப் பாட்டில்) உள்ளதைவிடத் தெளிவாக இருந்தது. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. இதே அடுக்கைப் பல ஆண்டுகளுக்கு முன் நானும் கட்டியிருக்கிறேன்.

மைக்கை எங்கே வைப்பது, சிவப்பு விளக்கு எரியும் அளவுக்கு ஏன் பதிவு செய்யக்கூடாது என்பவற்றை எல்லோரும் எழுதிவிட்டார்கள். ‘ஸ்டாக் பிளகின்தானே’ என்று நாம் இளக்காரமாகச் சொல்லிக் கடந்துபோகும் உள்ளமைந்த ஈக்யூ (அலைவரிசைவாரியாக ஒலியை ஏற்றிக் குறைப்பது), கம்ப்ரசர் (உரத்த ஒலிகளைப் பிடித்து அடக்குவது), ரிவெர்ப் (அறையின் எதிரொலிப்பைச் சேர்ப்பது) ஆகியவற்றின் விஷயத்தில் செய்யும் தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சத்தம் கூடியதைத் தரம் கூடியதாக எண்ணுதல்

இந்தத் தவறு எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. பிளகின்களுக்காக நான் செலவழித்த பணத்தில் பெரும்பகுதி இதனால்தான் போயிற்று. பெயர்பெற்ற ஓர் ஈக்யூவின் டெமோவை இறக்கிக் குரல் டிராக்கில் போட்டு, குரலுக்கென்று முன்கூட்டியே அளவுகள் அமைத்துவைக்கப்பட்டிருந்த ஒரு ப்ரீசெட்டைத் தேர்ந்தெடுத்தேன். குரல் சட்டென்று முன்னே வந்து நின்றது. கீழ்ப்பகுதி கனத்தது, மேற்பகுதி மினுங்கியது. பிளகினை விலக்கிக் கேட்க உதவும் பைபாஸ் பொத்தானை அழுத்தினால் அதே குரல் சுருங்கிப் பின்வாங்கியது. நான்கைந்து முறை மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, அன்றிரவே அதை வாங்கினேன். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதைப் போடாமல் எந்தப் பாட்டையும் நான் முடித்ததில்லை.

அந்த ப்ரீசெட் ஒலியளவையும் சேர்த்து மூன்று டெசிபல் ஏற்றியிருந்தது என்பதை நான் கவனிக்கவே இல்லை. ஒரே ஒலியைச் சற்று உரக்கக் கேட்டால் நம் காது அதை ‘உரக்க இருக்கிறது’ என்று சொல்வதில்லை, ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் சொல்கிறது. இதற்கு ஒரு காரணமும் உண்டு. ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட வளைகோடுகள் காட்டியபடி, நம் காதின் உணர்திறன் எல்லா அலைவரிசைகளுக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. தாழ்ந்த ஒலியளவில் அடித்தள ஒலிகள் மங்கிக் கேட்கின்றன, அளவு கூடக்கூட அவை மற்றவற்றோடு சேர்ந்து எழுகின்றன. அந்த இரவு நான் ரசித்த கனத்தில் பாதியை, டிராக்கின் ஒலியளவை மாற்றும் ஃபேடரைக் கொஞ்சம் மேலே தள்ளியிருந்தாலே பெற்றிருப்பேன்.

உண்மை எனக்குத் தெரிய வந்தது ஒரு ‘நல் டெஸ்ட்’ செய்தபோது. அதே குரலை இரண்டு டிராக்குகளில் வைத்து, ஒன்றில் வாங்கிய ஈக்யூவையும் மற்றொன்றில் மென்பொருளோடு வந்த ஈக்யூவையும் போட்டேன். இரண்டிலும் 250 ஹெர்ட்ஸில் மூன்று டெசிபல் குறைத்து, 3 கிலோஹெர்ட்ஸில் இரண்டு டெசிபல் ஏற்றினேன். பிறகு ஒரு டிராக்கின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேல் கீழ் திசையைத், தலைகீழாக்கி இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டேன். இரண்டும் ஒன்றே என்றால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு அமைதிதான் மிஞ்ச வேண்டும். முதலில் கொஞ்சம் ஒலி மிஞ்சத்தான் செய்தது. வளைவின் அகலத்தைக் குறிக்கும் ‘க்யூ’ எண்ணை எல்லா ஈக்யூக்களும் ஒரே முறையில் கணக்கிடுவதில்லை என்பதால், அதை மட்டும் நகர்த்தி இரண்டு வளைவுகளையும் பொருத்தினேன். அதன்பின் மிஞ்சியது, ஹெட்ஃபோனை முழுதாக ஏற்றினால் மட்டும் கேட்கும் ஒரு மெல்லிய மூச்சுச் சத்தம். நான் கொடுத்த விலை அந்த மூச்சுக்குத்தான்.

எல்லா ஈக்யூவும் ஒன்றே என்று இதற்குப் பொருளில்லை. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்தெடுக்கும் பதிவில், அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸ் என்ற எல்லையை நெருங்கும்போது சில ஈக்யூக்களின் வளைவு இறுகிச் சாய்ந்துவிடும், சில அவ்வாறு ஆகாதபடி வடிவமைக்கப்பட்டிருக்கும். வேண்டுமென்றே ஒலியைச் சற்றுச் சிதைத்துப் பழைய கருவிகளின் குணத்தைச் சேர்ப்பவையும் உண்டு. அவை இந்தச் சோதனையில் அழியமாட்டா. ஆனால் வித்தியாசம் இருக்கிறதா என்று பார்க்கும் முன் ஒலியளவைச் சமமாக்கியே ஆக வேண்டும். பிளகினின் வெளியீட்டைக் குறைத்து, பைபாஸ் செய்தாலும் செய்யாவிட்டாலும் லௌட்னஸ் மீட்டர் ஒரே அளவைக் காட்டுமாறு வையுங்கள். பிறகு கண்களை மூடிக்கொண்டு பைபாஸ் பொத்தானைக் கணக்கில்லாமல் பலமுறை அழுத்தி, இப்போது ஓடுவது எது என்று சொல்லிப் பாருங்கள். கம்ப்ரசரில் இந்தப் பொறி இன்னும் ஆழமானது, ஏனெனில் மேக்கப் கெய்ன் என்ற குமிழே ஒலியை ஏற்றுவதற்கென்று வைக்கப்பட்டது. இதைச் சொன்னால், ‘எனக்குத்தான் வித்தியாசம் தெளிவாகக் கேட்கிறதே’ என்ற பதில் தவறாமல் வருகிறது. கேட்கும், மூன்று டெசிபல் யாருக்கும் கேட்கும்.

முகப்பைப் பார்த்து எடைபோடுதல்

உள்ளமைந்த பிளகின்கள் பார்வைக்கு எளியவை. ரீப்பர் என்ற பதிவு மென்பொருளில் உள்ள ரியாகாம்ப் என்ற கம்ப்ரசர் வெறும் சாம்பல் நிறச் சறுக்குக் கட்டைகளின் வரிசைதான். துருப்பிடித்த திருகாணியும் நடுங்கும் ஊசியும் வரையப்பட்ட பிளகினுக்கு அருகே அது அலுவலகப் படிவம் போலத் தெரியும். அந்தப் படிவத்திற்குள், கம்ப்ரசர் எந்த அலைவரிசைகளைக் கேட்டு இயங்க வேண்டும் என்று வடிகட்டும் வசதியும், ஒலி வருவதற்குச் சற்று முன்பே பிடிக்கத் தொடங்கும் வசதியும், வேறொரு டிராக்கின் ஒலியைக் கொண்டு இயக்கும் வசதியும் இருக்கின்றன. முழு மிக்ஸில் கம்ப்ரசர் போட்டால் கிக் டிரம் அடிக்கும்போதெல்லாம் பாட்டு உள்வாங்குகிறது என்று வருந்துபவர்கள், அந்த வடிகட்டியை 100 ஹெர்ட்ஸ் அளவில் வைத்து, அதற்குக் கீழுள்ளவற்றைக் கம்ப்ரசரின் ‘காதுக்கு’ எட்டாமல் செய்தால் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நான் இதற்காகவே தனியாக ஒரு பிளகின் வாங்கியிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கையேட்டைத் திறக்காமலே தேடி அலைதல்

ஆப்பிளின் பதிவு மென்பொருளான லாஜிக்கின் கம்ப்ரசருக்குள் ஏழு வகை மின்சுற்று மாதிரிகள் உள்ளன. 1967இல் வந்த 1176 என்ற கம்ப்ரசர் கருவியின் வகை வேகமான பிடிப்பை நாடுபவர்க்கு எஃப்இடி வகையும், மெதுவாகத் தழுவிப் பிடிக்க வேண்டுமென்றால் ஆப்டோ வகையும் அங்கேயே இருக்கின்றன. பலர் திறந்தவுடன் தெரிவதைத் தாண்டுவதே இல்லை.

ப்ரீசெட்டை அப்படியே விடுதல்

அதைச் செய்தவர் உங்கள் குரலைக் கேட்டதில்லை, எந்த அளவுக்கு மேல் கம்ப்ரசர் பிடிக்க வேண்டும் என்ற த்ரெஷோல்டையாவது மாற்றுங்கள்.

பாடும்போதே லீனியர் ஃபேஸ் ஈக்யூவைப் போடுதல்

அலைகளின் நேர ஒழுங்கைக் குலைக்காத இந்த வகை ஈக்யூ கணக்கிட நேரம் எடுப்பதால், பாடுவது உங்கள் காதுக்குத் தாமதமாக வரும். மிக்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ப்ராஜெக்ட் எப்போதும் திறக்கும் என்று நம்புதல்

2019இல் ஆப்பிள் கணினிகளுக்கு வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா, பழைய வகையான 32 பிட் நிரல்களை முற்றிலும் கைவிட்டது. அத்தகைய மாற்றங்களின்போது, தயாரித்தவர்கள் புதுப்பிக்காமல் விட்ட பிளகின்கள் அப்படியே மறைந்துபோகும். என் பழைய பாட்டொன்றில் குரலுக்குப் போட்டிருந்த ரிவெர்ப் அவ்வாறே போயிற்று. அதைத் தயாரித்த நிறுவனத்திற்கு எழுதினேன், பதில் வரவில்லை. அதே ப்ராஜெக்டில் இருந்த உள்ளமைந்த டிலேயும் கம்ப்ரசரும் நான் விட்ட அளவுகளோடு திறந்தன, ஏனெனில் மென்பொருளைப் புதுப்பிப்பவர்கள் அவற்றையும் சேர்த்தே புதுப்பிக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. லாஜிக்கின் ரிவெர்பான ஸ்பேஸ் டிசைனரையோ, லைவ் என்ற மற்றொரு பதிவு மென்பொருளின் ஈக்யூ எய்ட்டையோ வேறொரு நிறுவனத்தின் மென்பொருளில் திறக்க முடியாது. ரீப்பரின் பிளகின்களில் சிலவற்றை மட்டும் ரியாபிளக்ஸ் என்ற பெயரில் விண்டோஸுக்குத் தனியாக இலவசமாகத் தருகிறார்கள். ஆகவே, வேறு மென்பொருள் வைத்திருப்பவரிடம் மிக்ஸுக்குக் கொடுக்கும்போதும், ஒரு பாட்டை முடித்துப் பூட்டி வைக்கும்போதும், ஒவ்வொரு டிராக்கையும் எஃபெக்ட்டோடு ஒருமுறையும் எஃபெக்ட் இல்லாமல் ஒருமுறையும், பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே, 24 பிட் வேவ் கோப்புகளாக எடுத்து வையுங்கள். அந்த இளைஞரிடமும் இதைத்தான் கேட்டேன். எஃபெக்ட் இல்லாத குரலை மட்டும் அனுப்பினார்; என்னிடமுள்ள மென்பொருளின் ஈக்யூவும் கம்ப்ரசரும் அதற்குப் போதுமாயிருந்தன.