காம்போசிட் கிட்டார்: கல்லூரி பிராஜெக்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, ஈரோடு, பெருந்துறைப் பக்கம் கடைசி வருட மெக்கானிக்கல் மாணவர்களுக்குக் காம்போசிட் (இழையைப் பசையில் இறுக்கிச் செய்யும் கலவைப் பொருள்) என்றால் தனி ஆசை. பொள்ளாச்சியில் தென்னைநார், சத்தியமங்கலம் பக்கம் வாழைநார் என்று மூலப்பொருள் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. ஹெல்மெட், பம்பர் என்று அரைத்த மாவையே அரைக்காமல் எலெக்ட்ரிக் கிட்டார் செய்யத் துணிந்தால் பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பாடியின் வளைவுக்கும் பெயின்ட்டுக்கும் மாதக்கணக்கில் மெனக்கெடுபவர்கள் கழுத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். கிட்டார் காலை வாருவது அங்கேதான்.

10-46 கம்பி செட்டை (மெல்லிய கம்பியிலிருந்து தடித்தது வரை, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) 648 மில்லிமீட்டர் ஸ்கேலில், அதாவது கம்பியின் அதிரும் நீளத்தில், வழக்கமான சுருதிக்கு ஏற்றினால், ஆறு கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ 46 கிலோ இழுக்கும். சிமென்ட் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி, ராத்திரி பகல் ஓயாத இழுவை. மேப்பிள் மரத்தின் விறைப்பு, அதாவது வளையாமல் எதிர்க்கும் தன்மை, சுமார் 12 ஜிகாபாஸ்கல். நறுக்கிப் போட்ட தென்னைநாரும் எபாக்சி பசையும் சேர்ந்த பலகை 5-ஐத் தொடுவதே அபூர்வம். நறுக்கிய கண்ணாடி இழைப் பாயைக் கையால் பூசினால்கூட மேப்பிளை எட்டாது. இழுத்து உடைத்துப் பார்க்கும் டென்சைல் டெஸ்டில் நல்ல எண் வந்ததே என்று வாதாடுவார்கள். அது வலிமை. கழுத்துக்கு வேண்டியது விறைப்பு. உடையாத கழுத்து வளையாது என்று எந்தச் சட்டமும் இல்லை. வளைந்துவிட்டால் கம்பி ஃப்ரெட்டிலிருந்து (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) எழும்பி, விரல் நோக அழுத்தினாலும் சுருதி தப்பும்.

1980 வாக்கில் கிட்டார் வடிவமைப்பாளர் நெட் ஸ்டைன்பெர்கர் தலையில்லாத பேஸ் கிட்டாரைக் காம்போசிட்டில் செய்தபோது கார்பன் இழையை நம்பியதற்குக் காரணம் இந்த விறைப்புதான். 1993-ல் வந்த பார்க்கர் ஃப்ளை கிட்டாரில் மரத்தின் மேல் கார்பன், கண்ணாடி இழைத் தோலைப் போர்த்தினார்கள். உங்கள் பட்ஜெட்டுக்கு நான் சொல்வது: கழுத்தை மரத்தில் செய்து, நீளவாக்கில் கார்பன் பட்டைகளைப் பதியுங்கள், கழுத்து வளைவைத் திருத்த உள்ளே வைக்கும் இரும்புக் கம்பியான டிரஸ் ராடையும் விட்டுவிடாதீர்கள். கடையில் ரெடிமேட் கழுத்து வாங்கினாலும் கேவலமில்லை. வாழைநாரைப் பாடியில் காட்டுங்கள். அங்கே அதற்கு அதிக வேலை இல்லை.

அடுத்து, நாரைப் பிணைக்கும் பசையான ரெசின். நம்ம ஊர் லேப்களில் அதிகம் புழங்கும் எல்ஒய்556 எபாக்சி ரெசின், அதை இறுகச் செய்யும் எச்ஒய்951 ஹார்ட்னர் ஜோடிக்கு 100-க்கு 10 என்பது எடைக் கணக்கு. சிரிஞ்சில் அளந்து ஊற்றிவிட்டு, மறுநாளும் பிசுபிசுக்கும் பாடியை வைத்துக்கொண்டு “100 எம்எல்லுக்கு 10 எம்எல் சரியாத்தானுங்க ஊத்துனோம்” என்பார்கள். ஹார்ட்னரின் அடர்த்தி குறைவு; எம்எல்லில் அளந்தால் அது போதாமல் போய்விடும். சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். மொத்தமாகக் கலக்கவும் வேண்டாம். அரை கிலோவை ஒரே கப்பில் கலக்கி வைத்தால் தன் சூட்டிலேயே கொதித்து, புகை கிளம்பி, பிளாஸ்டிக் கப் இளகி மேஜையோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கி, அகலமான தட்டில் பரப்பிக்கொள்ளுங்கள்.

நார் ஈரத்தைக் குடிக்கும். காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, காரம் போகும்வரை அலசி, ஓவனில் காயவைத்த பிறகு ராத்திரி முழுக்கத் திறந்த மேஜையில் போட்டுவிட்டுப் போனால் காயவைத்த பலன் போச்சு. காய்ந்ததும் கவரில் போட்டுக் கட்டி வையுங்கள்.

எடை குறைக்க நடுவில் தெர்மகோல் வைப்பவர்கள் பாலியெஸ்டர் ரெசினைத் தொடவே கூடாது. அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மகோலைக் கரைத்துவிடும். எபாக்சி கரைக்காது. ஆனால் பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் ஸ்குரூவை அந்த நுரையில் முறுக்கினால் கம்பி ஏற்றியதும் பிடுங்கிக்கொண்டு வரும். பிரிட்ஜ் உட்காரும் இடத்திலும் கழுத்து சேரும் இடத்திலும் அச்சில் போடும்போதே மரக்கட்டையைப் புதையுங்கள். அச்சுக்கு மெழுகு பூசாமல் விடுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், சுத்தியல் சொல்லும்.

ஃப்ரெட் இடைவெளியை ஒவ்வொன்றாக முந்தைய ஃப்ரெட்டிலிருந்து அளந்தால் பிழை சேர்ந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் நட்டிலிருந்தே (கழுத்தின் தலைப்பக்கம் கம்பி தாங்கும் பட்டை) அளக்க வேண்டும். 648-ஐ 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் 36.37 மில்லிமீட்டரில்; மீதி நீளத்தையும் இப்படியே வகுத்துக் கூட்டிக்கொண்டே போனால் 12-வது சரியாக 324-ல். கணக்கு பிசகினால் எந்த டியூனராலும் காப்பாற்ற முடியாது.

நாரோ கண்ணாடி இழையோ மின்சாரத்தைக் கடத்தாது, இரைச்சலையும் தடுக்காது. கம்பி அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப்பின் குழிக்குள் செப்புத் தகடு ஒட்டி எர்த் கொடுக்காவிட்டால் லேப் மோட்டார் ஓடும்போதெல்லாம் கிட்டார் ரீங்கரிக்கும். கார்பன் இதற்கு நேர் எதிர், அது கடத்தும். சிக்னல் ஒயரின் தோல் உரிந்து எர்த் ஆன பாடியில் பட்டால் சத்தமே வராது. ராவும்போது பறக்கும் கார்பன் தூசியும் சர்க்யூட்டில் ஷார்ட் ஆக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. தண்ணீர் தொட்டு ராவுங்கள், மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். இன்னொன்று: கம்பிகள் ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்தவை. மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகும் பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம்.

வைவாவுக்கு முந்தைய நாள் கம்பி போடாதீர்கள். குறைந்தது இரண்டு வாரம் முன்பே ஏற்றி, தினமும் 12-வது ஃப்ரெட்டில் கம்பி உயரத்தை அளந்து குறித்து வாருங்கள். ஏறிக்கொண்டே போனால் கழுத்தோ இணைப்போ இன்னும் நகர்கிறது, திருத்த நேரம் இருக்கிறது. அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்சி 60 டிகிரி பக்கத்தில் இளகத் தொடங்கலாம். ஏப்ரல் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வந்துவிடும். ரெசின் தயாரிப்பாளர் சொல்லும் வெப்பத்தில் ஓவனில் வைத்து எடுத்த பிறகே கம்பி போடுங்கள்.